ஐந்து இரவுகளில் நான்கு ஊர்களா, பினாங்கு மட்டுமா?

கேள்வி: வரும் மே மாத விடுமுறையில் நானும் என் கணவரும், 14 வயது மகன், 9 வயது மகள், 68 வயதான என் மாமியார் ஆகியோருடன் மலேசியா செல்ல எண்ணியிருக்கிறோம். மாமியாருக்கு மூட்டு வலி உண்டு; சுத்த சைவம். அவருடைய தந்தை பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து, 1960-களில் ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியவர். அவர் எழுதிய கடித உறை ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் 'பினாங்கு ஸ்ட்ரீட்' என்பதை மட்டுமே படிக்க முடிகிறது. அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை. பயண முகவரோ ஐந்து இரவுகளில் கோலாலம்பூர், கெந்திங், லங்காவி, பினாங்கு என்று திட்டம் கொடுத்திருக்கிறார்; பினாங்குக்கு ஒரே ஒரு பிற்பகல்தான். பிள்ளைகள் கடற்கரை கேட்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முகவரின் திட்டத்தை ஏற்க வேண்டாம். ஐந்து இரவுகளையும் பினாங்குத் தீவிலேயே, அதிலும் ஜார்ஜ் டவுனின் பழைய நகரத்துக்குள்ளேயே கழியுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. நான்கு ஊர்களைத் தொட்டுவிட்டு வருகிற பயணத்தில் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும், விமான நிலையத்தில் வரிசையில் நிற்பதும் பகற்பொழுதில் பாதியைத் தின்றுவிடும். மூட்டு வலி உள்ளவருக்கு அது இரட்டைத் துன்பம். மேலும், முகவர் பினாங்குக்கென்று ஒதுக்கியிருக்கும் பிற்பகல், அந்த ஊரைப் பார்ப்பதற்கு இருப்பதிலேயே மோசமான வேளை. கோயில்கள் நடை சாத்தியிருக்கும், வெயில் முகத்தில் அறையும், மே மாதமென்றால் இடியுடன் மழையும் பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். ஜார்ஜ் டவுன் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரையிலும், பிறகு மாலை ஐந்துக்கு மேலும் நடந்து பார்க்க வேண்டிய ஊர். அந்த ஊரிலேயே உறங்கி எழுபவர்களுக்குத்தான் அந்தக் காலைப்பொழுது கிடைக்கும்.

பருவத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பினாங்கில் மழை குறைவான மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும், மிகுதியான மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். மே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெப்பம் 32 டிகிரியை ஒட்டியே இருக்கும் என்பதால் தஞ்சாவூரின் அக்னி நட்சத்திரத்துக்கு அது எவ்வளவோ மேல். புழுக்கம் மட்டும் கூடுதல். மலேசியர்களுக்கும் மே இறுதி, ஜூன் மாத வாக்கில் பள்ளி விடுமுறை வருவதுண்டு; ஆகவே மாதத்தின் முதல் பாதியில், ஞாயிற்றுக்கிழமை சென்று வெள்ளிக்கிழமை திரும்பும்படி நாள் குறியுங்கள். வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து வந்து குவியும் கூட்டத்தையும் அதற்கேற்ப உயரும் அறை வாடகையையும் ஒரே கணக்கில் தவிர்த்துவிடலாம்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நெடுங்காலமாகவே விமானங்கள் உண்டு. அங்கிருந்து பினாங்குக்கு மற்றொரு விமானம் ஏற வேண்டும், அல்லது நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் பயணம் செய்து பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகில் தீவுக்குக் கடக்க வேண்டும். நீங்கள் இருவர் மட்டும் செல்வதாயிருந்தால் அந்த ரயிலையும் படகையும்தான் சொல்வேன். மாமியார் உடன் வருவதால், 2024 டிசம்பரில் தொடங்கிய சென்னை–பினாங்கு நேரடி விமானத்தை முதலில் பாருங்கள். பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். பயணச்சீட்டு எடுக்கும்போதே அவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று குறிப்பிட்டுவிடுங்கள். அது இலவசம், கேட்பதற்குக் கூச்சப்படுகிற பெரியவர்கள்தான் அதிகம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 30 நாட்கள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அது கால வரம்புள்ள சலுகை என்பதால் பணம் கட்டுமுன் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது. விசா இல்லாவிட்டாலும் மின்னணு வருகை அட்டை கட்டாயம். சென்று சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், குழந்தைகள் உட்பட ஐந்து பேருக்கும் தனித்தனியே இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது அரசின் தளமன்று.

இனி, தங்கும் இடம். இதில் நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் பல இன்று சிறு விடுதிகளாகிவிட்டன. முன்புறம் குறுகி உள்ளே நீண்டு செல்லும் வீடுகள், நடுவில் நம் ஊர் முற்றத்தைப் போலவே வானம் பார்த்த வெளி, வழவழப்பான மரப்படி, கையால் செய்த தரை ஓடுகள். படங்களைப் பார்த்து மயங்கி, வயதான தம்பதி ஒருவருக்கு அப்படியொரு விடுதியில் இரண்டாம் மாடி அறையை நான் முன்பதிவு செய்து கொடுத்தேன். அங்கே மின்தூக்கி இல்லை. மரப்படிகள் ஏணி போலச் செங்குத்தாக இருந்தன. அந்த அம்மையார் நான்கு நாட்களும் மதிய உணவுக்குக் கீழே இறங்கவே இல்லை என்பதை அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் அறிந்தேன். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்தில் நினைத்தபடி மின்தூக்கி பொருத்திவிட முடியாது என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றாமல் போயிற்று. ஆகவே விடுதிக்கு எழுதும்போது மூன்று கேள்விகளை மறவாமல் கேளுங்கள்: தரைத்தளத்தில் அறை உண்டா, குளியலறைக்குள் படி இருக்கிறதா, அறையின் சன்னல் தெருவைப் பார்க்கிறதா அல்லது முற்றத்தை மட்டுமா. தரைத்தளம் கிடைக்காவிட்டால் பழைமையை மறந்துவிட்டு, மின்தூக்கியுள்ள சாதாரண விடுதியை அதே வட்டாரத்தில் பிடியுங்கள். வெளிநாட்டவர் என்பதால் அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். விடுதிக்காரர் ஏமாற்றுகிறார் என்று எண்ணிவிட வேண்டாம்.

வட்டாரம் எதுவென்றால், உங்கள் கடித உறை காட்டும் அதே வட்டாரம்தான். இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பினாங்கில் 'பினாங்கு ஸ்ட்ரீட்' ஒன்றும் 'பினாங்கு ரோடு' ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன. முதலாவது மலாயில் லெபோ பினாங். இரண்டாவது ஜாலான் பினாங். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ பதினைந்து நிமிட நடைத் தொலைவு. சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் செண்டோல் என்ற குளிர்ந்த தேங்காய்ப்பால் இனிப்பு விற்கும் கடைகள் இருக்கும் ஜாலான் பினாங்கில்தான் ஆட்களை இறக்கிவிடும். முகவரின் ஒரு பிற்பகல் திட்டத்தில், உங்கள் மாமியார் தவறான தெருவைப் பார்த்து மனம் நெகிழ்ந்துவிட்டுத் திரும்பியிருக்கக்கூடும்.

லெபோ பினாங் இத்தீவின் மிகப் பழைய தெருக்களுள் ஒன்று. 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவைக் கைக்கொண்ட பிறகு வகுத்த முதல் நகரம், லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகிய நான்கின் எல்லைக்குள் அடங்கியது. அந்தச் சதுரத்துக்குள்தான் பினாங்கு ஸ்ட்ரீட்டும் இருக்கிறது. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்களை அக்காலத்தில் குறித்த சொல். நகரத்தார் தங்கள் கிட்டங்கிகளை வைத்திருந்ததும் பினாங்கு ஸ்ட்ரீட்டில்தான். கிட்டங்கி என்பது ஒரே நீண்ட கூடம். அதில் ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் சுவரோரமாகச் சிறிது இடம், தரையில் பாய், சாய்வான கணக்கு மேசை, பக்கத்தில் பெட்டகம். பகலில் கணக்கு எழுதிய இடத்திலேயே இரவில் படுக்கை விரிப்பார்கள். உங்கள் மாமியாரின் தந்தையார் கணக்குப்பிள்ளையாக இருந்தார் என்றால் அநேகமாக அப்படியொரு கூடத்தில்தான் இருந்திருப்பார்.

அந்தக் கட்டடங்கள் இன்றும் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்ததால் பழைய நகரத்தில் இடித்துக் கட்டுவது யாருக்கும் இலாபமாக இருக்கவில்லை. வாடகை மலிவாகவே இருந்ததால் குடியிருந்தவர்களும் நகரவில்லை. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை ஏறி, தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ, மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது கட்டடங்கள் காக்கப்பட்டன. ஆட்கள் முன்பே போய்விட்டிருந்தார்கள். எனவே உறையில் கண்ட தெருவில் கடைவீடுகளைப் பார்க்கலாம், ஆனால் அவருடைய கடையை அறிந்தவர் எதிர்ப்படுவார் என்ற நம்பிக்கையை மாமியாருக்குக் கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டாம். அந்தக் கூடம் இன்றைக்குப் புடவைக் கடையாகவோ பாத்திரக் கடையாகவோ மாறியிருக்கலாம்.

காலை நடையை அங்கிருந்தே தொடங்கலாம். ஜார்ஜ் டவுன் கடைகளின் முன்புறம் மூடிய நடைபாதை ஒன்று தொடர்ச்சியாக ஓடும்; அங்குள்ள தமிழர்கள் அதை அஞ்சடி என்பார்கள், ஐந்தடி அகலம் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் விதித்ததால் வந்த பெயர். வெயிலுக்கும் மழைக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் ஒரு கடையின் தரைக்கும் அடுத்த கடையின் தரைக்கும் அரையடி ஏற்ற இறக்கம் இருக்கும், நடுவே மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள், தெருவுக்கு இறங்கினால் அகலமான சாக்கடையைத் தாண்ட வேண்டும். மாமியார் கைத்தடி பிடிப்பவரில்லை என்றாலும் இந்தப் பயணத்துக்கு ஒன்று கொண்டு செல்லட்டும்.

1818-இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கித் தெற்கு நோக்கி நடந்தால், ஒரு கிலோமீட்டருக்குள்ளாகவே சீனர்களின் குவான் யின் கோயிலும், லெபோ குவீன் பக்கம் கோபுரம் வைத்த மகாமாரியம்மன் கோயிலும், 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் வரிசையாக வரும். மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. காலை பூசை நேரத்தில் அங்கிருப்பதுபோல் நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். மாமியார் உட்கார இடமும் கிடைக்கும், பேசத் தமிழ் முகங்களும் கிடைக்கும். பள்ளிவாசலை எழுப்பியவர் காதர் மொய்தீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர். சமூகத் தலைவருக்குக் கம்பெனி கொடுத்த பட்டம் கப்பித்தான். பெயரில் உள்ள 'கெலிங்' என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் இந்தியரைக் குறிக்க அதை இன்று பயன்படுத்தினால் வசைச்சொல். மகனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பலகையில் பார்த்ததை உரக்கப் படித்துக்கொண்டே நடக்கிற வயது. பள்ளிவாசல் நிற்கும் தெருவுக்குப் பிட் தெரு என்ற பழைய பெயரை மாற்றி, இப்போது பள்ளிவாசலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்னும் சற்றுத் தெற்கே 1906-இல் மீண்டும் கட்டிய கூ கொங்சி என்ற சீனக் குல மண்டபத்தின் மரச் செதுக்கல்களும், ஆர்மீனியன் தெருவில் 2012-இல் எர்னஸ்ட் சகாரெவிச் தீட்டிய, மிதிவண்டியில் செல்லும் இரு குழந்தைகளின் சுவரோவியமும் உண்டு. மகளுக்கு அந்தச் சுவரோவியத்தின் முன் படம் எடுக்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்; பிறகு வரிசை நிற்கும்.

உணவில் ஓர் எச்சரிக்கை. மலாயில் 'சாயூர்' என்றால் காய்கறி என்றுதான் பொருள், சைவம் என்று பொருளன்று. கீரை வதக்கலிலும் சம்பால் என்ற மிளகாய்த் துவையலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் நெத்திலியும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். அசாம் லக்சா என்ற புகழ்பெற்ற புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீனில்தான் கூடுகிறது. மாமியாருக்கு, பினாங்கு ஸ்ட்ரீட்டைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியா என்ற இந்தியக் கடைத்தெருப் பகுதியின் தமிழ்ச் சைவ உணவகங்கள் போதும். சலிப்புத் தட்டினால் சீனர்களின் பௌத்த சைவக் கடைகள் இருக்கின்றன. அங்கே மீன் போலவும் கோழி போலவும் தோன்றுவன எல்லாம் சோயாவும் காளானும்தான், ஆனால் அதைப் பார்த்தே அவர் முகம் சுளிக்கக்கூடும். அசைவம் உண்ணும் மற்ற நால்வரும் நாசி கண்டாரை விட்டுவிடாதீர்கள். தோளில் காவடித் தண்டு போட்டு ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புகளுமாகத் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற உணவு அது. கண்டார் என்பது அந்தத் தண்டு. வரிசையில் நின்று கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கைகாட்ட வேண்டும், கடைக்காரர் சோற்றின் மேல் நாலைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றுவார். 'பாஞ்சிர்' என்றால் வெள்ளமாக ஊற்றச் சொல்வதாகப் பொருள். தட்டைப் பார்த்துக் கண்ணாலேயே விலை போடுவார்கள் என்பதால் பெரிய இறாலையும் மீன் முட்டையையும் கைகாட்டுமுன் விலையைக் கேட்டுவிடுங்கள். அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்வார்கள். 'எத்தனை வெள்ளி' என்று கேட்டால் போதும்.

நடுவில் ஒரு நாளை மலைகளுக்கு ஒதுக்குங்கள். உள்ளூர்த் தமிழர் கொடிமலை என்றழைக்கும் பினாங்கு மலைக்கு 1923-இல் ஓடத் தொடங்கிய இழுவை ரயில், புதுப்பித்த பிறகு இப்போது சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காலை ஆறரை மணிக்கே முதல் வண்டி உண்டு. பத்து மணிக்கு மேல் போனால் வரிசையில் நின்றே களைத்துப் போவீர்கள். மேலே ஒரு முருகன் கோயிலும் இருக்கிறது. இறங்கி வரும்போது அருகிலேயே ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி பௌத்த ஆலயம்; அதன் கோபுரத்தின் அடிப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியப் பாணி. அங்கே படிகள் ஏராளம். முப்பது மீட்டர் உயரக் குவான் யின் வெண்கலச் சிலைக்கு மட்டும் சாய்வு மின்தூக்கி இருக்கிறது, மாமியாரை அதில் அழைத்துச் செல்லலாம். தண்ணீர்மலை என்ற குன்றின் மேல் உள்ள முருகனை மட்டும் அவர் கீழிருந்தே வணங்கட்டும். மேலே ஏற 513 படிகள். அதற்கு ஈடாக, தண்ணீர்மலைக்குச் செல்லும் அதே சாலையில் உள்ள நகரத்தார் கோயிலில் அவர் நிதானமாக அமர்ந்திருக்கலாம். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் லெபோ பினாங்கில் உள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டு இந்தக் கோயிலுக்குத்தான் வருகிறது. அந்த ரதம் 1894-ஐச் சேர்ந்தது. அவருடைய தந்தையார் ஆண்டுதோறும் அதன் பின்னால் நடந்திருப்பார் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது, நடக்காமல் இருந்திருப்பார் என்று நம்பவும் முடியவில்லை.

கடற்கரையைப் பொறுத்தவரை பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பத்து ஃபிரிங்கியின் கடல் அந்தமானைப் போலக் கண்ணாடியாக இராது. நீரிணையின் கலங்கல் அதில் உண்டு, ஜெல்லி மீன்களும் உண்டு. கடலில் குளிக்கவே ஒரு பயணம் வேண்டுமென்றால் அதை வேறொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த முறை 101-ஆம் எண் பேருந்தில் ஒரு பிற்பகல் போய், மணலில் விளையாடிவிட்டு, இரவுச் சந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். லங்காவிக்காக ஏங்க வேண்டாம்.

சிறு பொருட்கள் இரண்டு: மலேசியாவின் மின்செருகி சதுர முனைகள் மூன்று உள்ளது, நம் ஊர் செருகி நுழையாது, மாற்றுச்செருகி ஒன்றும் பல செருகிகளைப் பொருத்தும் மின்பலகை ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். மாமியாரின் மருந்துகளை அட்டைப்பெட்டியுடனும் மருத்துவர் சீட்டுடனும் கைப்பையில் வையுங்கள். போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாட்டுச் சட்டம் மிகக் கடுமையானது, பிரித்துப் போட்ட மாத்திரைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஒரு மாலை, ஐந்தரை மணியளவில், படகுத்துறையிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் படகேறி, இறங்கிய கையோடு அடுத்த படகில் திரும்புங்கள். பேருந்துக் கட்டணம் அளவுக்குத்தான் செலவாகும். ரஜூலா 1926-இல் கட்டி 1970-களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்துக்கும் இந்தத் துறைக்கும் ஓடிய கப்பல். அதில் வந்தவர்கள் கண்ட கரையைத் திரும்பும் படகின் முன்புறத்தில் நின்றால் நீங்களும் காணலாம். பின்னால் உயர்ந்து நிற்கும் கொம்தார் கோபுரம் மட்டும் அன்று இல்லை. படகில் ஏறும் பாலம் சரிவாக இருக்கும், மாமியாரின் கையை மகன் பிடித்துக்கொள்ளட்டும். கடித உறையின் மூலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, இரு பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்துச் செல்லுங்கள். நல்ல வெளிச்சத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், அஞ்சல் முத்திரைக்குக் கீழே கதவெண்ணும் தெரியக்கூடும்.